தலக்குளம் தந்த தளவாய்

முறை தவறாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், தமிழராகிய நமக்கு உடனே நினைவுக்கு வருவோர் இருவர். ஒருவன் கன்றை இழந்த பசுவின் பொருட்டுத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட சோழன். மற்றொருவன் தன் தீர்ப்புப் பிழைத்தது என்று அறிந்த அளவிலே அரியணையில் உயிர் துறந்த பாண்டியன். இவ்விருவரும் இலக்கியம் வழியாக நம் நெஞ்சில் இடம் பெற்றவர்கள். நாம் குடியேறி வாழும் இத்திருவனந்தபுர நகரில், முறைநெறி என்னும் கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் சுமந்து, அதனாலேயே உயர்ந்து, அதனாலேயே வீழ்ந்த மனிதர் ஒருவர் 200 ஆண்டுகளுக்கு முன்னர் ஆட்சி செலுத்தினார். அவர் காவிய மாந்தர் அல்லர். ஓலையும் ஒப்பந்தமும் சான்றாக உள்ள வரலாற்று மாந்தர். தலைமைச் செயலகத்தின் முன்னே சிலையாக நிற்கும் வேலுத்தம்பித் தளவாயையே இங்குக் குறிப்பிடுகிறோம்.

அலுவலகத்திற்கும் கடைத்தெருவிற்கும் செல்லும்போது அச்சிலையை நம்மில் பலர் நாள்தோறும் காண்கிறோம். நம் குழந்தைகள் பள்ளிப் பாடத்தில் அவரை வெள்ளையரை எதிர்த்த வீரராகப் படிக்கின்றனர். அஃது உண்மையே. ஆயினும் அவருடைய வாழ்க்கையில் வீரத்தினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது ஒன்று உண்டு. தண்டிக்கும் உரிமை ஒருவன் கையில் வந்தபின் நீதி எத்தகைய உருக்கொள்கிறது என்பதே அது.

பிறப்பும் நாட்டு நிலையும்

வேலாயுதன் செண்பகராமன் தம்பி என்பது அவருடைய முழுப்பெயர். 1765-ஆம் ஆண்டு இரணியலுக்கு அண்மையிலுள்ள தலக்குளம் என்னும் ஊரில் பிறந்தார். கல்குளம் வட்டத்தைச் சேர்ந்த அவ்வூர் அன்று திருவிதாங்கூர் நாட்டின் தென்பகுதியாக விளங்கியது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தபோது தலக்குளமும் கன்னியாகுமரி மாவட்டத்து ஊராயிற்று. ஆகவே, அவர் பிறந்த மண் இன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. இறந்த மண் கேரளத்தில் இருக்கிறது. இரு மொழியாரும் உறவாடி வாழ்ந்த நிலத்தில் தோன்றிய அவரை, இரு மொழியாரும் தம்மவர் எனக் கொள்வது பொருத்தமே.

1798-ஆம் ஆண்டு, தர்மராஜா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் இராமவர்மர் மறைந்தார். பாலராமவர்மர் அரியணை ஏறியபோது அவருக்கு அகவை 16. அடுத்த ஆண்டிலேயே ஆற்றல் மிக்க திவான் இராஜா கேசவதாசும் காலமானார். இளைய மன்னரின் அறியாமையைப் பயன்படுத்தி ஜயந்தன் சங்கரன் நம்பூதிரி, சங்கரநாராயணன் செட்டி, மாத்துத் தரகன் ஆகிய மூவர் ஆட்சியைத் தம் பிடிக்குள் கொண்டுவந்தனர். கருவூலம் வறண்டது. அதனை நிரப்ப, வட்டந்தோறும் உள்ள அதிகாரிகளையும் செல்வர்களையும் தலைநகருக்கு வரவழைத்து, ஒவ்வொருவரும் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்று விதித்தனர். கட்டாதவர்கள் சிறைப்பட்டனர், கசையடியும் பெற்றனர்.

மக்கள் முறையீடு

மாவேலிக்கரையில் காரியக்காரராகப் பணியாற்றிய வேலுத்தம்பிக்கும் அத்தகைய ஆணை ஒன்று வந்தது. பணம் தேடித் தருவதற்குச் சில நாள் தவணை கேட்டுக்கொண்டு அவர் தெற்கே சென்றார். சென்றவர் பணம் திரட்டவில்லை; மக்களைத் திரட்டினார். வரிக்கொடுமை எல்லை மீறும்போது ஊர்தோறும் கூடி எதிர்த்து நிற்பது நாஞ்சில் நாட்டாரின் பழைய மரபு. அம்மரபு வேலுத்தம்பிக்குக் கைகொடுத்தது. வடக்கே சிறையின்கீழிலிருந்து ஐயப்பன் செண்பகராமன் பிள்ளையும் ஆட்களுடன் வந்து சேர்ந்தார். 1799-ஆம் ஆண்டில் இப்பெருங்கூட்டம் திருவனந்தபுரத்தை அடைந்து தன் குறையை மன்னர்முன் வைத்தது.

அவர்கள் கேட்டவை மன்னரின் முடியை அசைப்பவை அல்ல. கொடிய அமைச்சர் மூவரையும் நீக்க வேண்டும், தண்டிக்க வேண்டும், உப்பு வரி போன்ற சுமைகளைக் களைய வேண்டும். இவ்வளவே கோரிக்கை. மன்னர் இணங்கினார். நம்பூதிரி நாடு கடத்தப்பட்டார். மற்ற இருவரும் பலர் காணக் கசையடி பட்டதோடு காதுகளையும் இழந்தனர் என்று திருவிதாங்கூர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று நோக்குதல் தகும். மக்கள் கூடி, ஆட்சியாளரிடம் நேர்நின்று, முறை கேட்டுப் பெற்றது பாராட்டத்தக்கது. ஆனால், குற்றம் சாட்டியவர்களே தண்டனையையும் வரையறுத்தனர். குற்றவாளிகளின் எதிர்மொழியைக் கேட்பார் இல்லை. கணக்கு ஏடுகளை ஆராய்ந்து, இவர் இவ்வளவு கவர்ந்தார் என்று கூறுவாரும் இல்லை. நீதி கிடைத்தது, ஆனால் அது கூட்டத்தின் கையால் கிடைத்தது. வேலுத்தம்பியின் பிற்கால வாழ்வு முழுவதற்கும் இதுவே வித்தாயிற்று.

தளவாயின் முறைமன்றம்

கிளர்ச்சிக்குப்பின் ஐயப்பன் செண்பகராமன் பிள்ளை தலைமைப் பொறுப்பை ஏற்றார். வேலுத்தம்பி வாணிகத் துறையைப் பார்க்கும் முளகுமடிசீலை என்னும் பதவியைப் பெற்றார். ஐயப்பன் விரைவில் காலமானார். தலைநகர்க் கிளர்ச்சி நிகழ்ந்து மூன்று, நான்கு ஆண்டுகள் செல்வதற்குள் வேலுத்தம்பியே தளவாய் ஆனார்.

அவர் பொறுப்பேற்றபோது கருவூலத்தில் பணமில்லை. ஊர்களில் களவும் கையூட்டும் மலிந்திருந்தன. தளவாய் தலைநகரில் அமர்ந்து ஓலை விடுத்துக் கொண்டிருக்கவில்லை. குதிரையேறி நாடெங்கும் சுற்றினார். ஊர்ப்பொதுவில், மரநிழலில் அமர்ந்து வழக்கைக் கேட்டு, அங்கேயே தீர்ப்பளித்து, அங்கேயே நிறைவேற்றினார். அவர் வருகிறார் என்ற செய்தியே கள்வரையும் கையூட்டு வாங்குவோரையும் நடுங்கச் செய்தது. சில ஆண்டுகளில் வழிப்பறி அடங்கிற்று. அரசின் வருவாய் பெருகிற்று. நிலங்களை அளந்து வரி விதிக்கும் கண்டெழுத்து நடைபெற்றது. கொல்லத்தில் அரசின் கச்சேரி எழுந்தது. சங்கனாச்சேரியில் அவர் தொடங்கிய சந்தை பெரும் வாணிகத் தலமாக வளர்ந்தது.

அவருடைய நடுவுநிலைமையைப் பற்றிச் செவிவழிக் கதை ஒன்று தென்திருவிதாங்கூரில் நெடுநாளாக வழங்கி வருகிறது. நிலவரிக் கணக்கெழுதிய ஊர்க்கணக்கர் ஒருவர், தளவாயின் அன்னைக்குரிய நிலத்திற்கு வரியைக் குறைத்து எழுதினாராம். கணக்கைத் தாமே பார்வையிட்ட தளவாய் அதனைக் கண்டுபிடித்து, எழுதிய கையின் விரல்களை வெட்டுவித்தாராம். தம் இல்லத்திற்கு ஒரு நீதி, ஊருக்கு ஒரு நீதி என்று கொள்ளாதவர் என்பதைக் காட்டவே மக்கள் இக்கதையைச் சொல்லி வந்தனர். மகனைத் தேர்க்காலில் இட்ட சோழன் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இதன் சுவை எளிதில் விளங்கும்.

ஆயினும் இரண்டு கதைகளுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. சோழன் இழந்தது தன் மகனை. தலக்குளத்துக் கதையில் விரல் இழந்தவர் எளிய கணக்கர். பயன் பெற்ற இடம் தளவாயின் இல்லம். துன்பம் சென்றடைந்த இடம் கணக்கரின் இல்லம். கதை கூறுவோர் இதனைக் கருதுவதில்லை. நாம் கருத வேண்டும்.

கசையடி, உறுப்புக் குறைத்தல், மரத்தில் ஆணியறைதல் ஆகிய தண்டனைகள் அவர் காலத்தில் நிகழ்ந்தன. அவை அவரே புதிதாகக் கண்டவை அல்ல. அக்காலத்து அரசுகள் பலவற்றிலும் வழக்கில் இருந்தவை. இங்கிலாந்திலும் அந்நாளில் சிறு களவுக்குத் தூக்குத் தண்டனை உண்டு. எனவே, இக்காலத்து அளவுகோல் ஒன்றையே கொண்டு அவரை அளப்பது முறையாகாது. ஆனால், நம் முன்னோர் வகுத்த அளவுகோல் ஒன்று உண்டு. வள்ளுவர் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அடுத்தடுத்து வைத்து, அவற்றின்பின் வெருவந்த செய்யாமை என்று தனியே ஓர் அதிகாரம் அமைத்தார். அரசன் கொடியவனாக இல்லாவிடினும் குடிகள் அஞ்சி நடுங்கும் செயலைச் செய்தல் ஆகாது. தண்டத்திற்கு அளவு வேண்டும் என்பதே அவ்வதிகாரத்தின் சாரம். வேலுத்தம்பி செங்கோன்மையில் தேறினார். கொடுங்கோன்மையைத் தவிர்க்கவே முயன்றார். மூன்றாவது வாயிலில் இடறினார் என்பது நம் கருத்து.

படைவீரர் கிளர்ச்சி

1804-ஆம் ஆண்டு அவ்விடறல் வெளிப்பட்டது. செலவைச் சுருக்கும் பொருட்டு நாயர் படைவீரர்களின் படித்தொகையைத் தளவாய் குறைத்தார். ஏறத்தாழ 10,000 வீரர்கள் திரண்டு தலைநகரை நோக்கி வந்தனர். தளவாயை நீக்க வேண்டும், கும்பினியோடு கொண்ட நட்பை முறிக்க வேண்டும் என்பன அவர்கள் கோரிக்கைகள்.

ஐந்தாண்டுகளுக்கு முன் மக்களைத் திரட்டிக்கொண்டு மன்னர் வாயிலில் நின்றவர் வேலுத்தம்பி. இப்போது அதே வாயிலில் வேறொரு கூட்டம் அவரையே குற்றவாளியாக நிறுத்திற்று. அவர் என்ன செய்தார்? கொச்சிக்குச் சென்று, கும்பினியின் ரெசிடெண்டாகிய கர்னல் மெக்காலேயின் துணையை நாடினார். படைவலிமையால் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தலைவர்கள் கடுந்தண்டனைக்கு ஆளாயினர். அவர்களுள் கிருஷ்ணபிள்ளை என்பவர் எதிரெதிர் ஓட்டப்பட்ட இரண்டு யானைகளின் காலில் பிணிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார் என்று நாட்டு வரலாறு எழுதியோர் குறித்துள்ளனர்.

படியைக் குறைத்தது நிதி நெருக்கடியால் நேர்ந்ததாகலாம். ஆனால், ஊதியம் குறைந்தவன் முறையிட்டால் அதனைக் கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும் அன்றோ? 1799-இல் தமக்குக் கிடைத்த செவியை 1804-இல் பிறருக்கு அவர் அளிக்கவில்லை. அவர் வாழ்வில் நம்மை மிகவும் வருத்தும் பகுதி இதுவே.

இவ்வுதவிக்குக் கும்பினி விலை கேட்டது. 1795-இல் ஏற்பட்டிருந்த உடன்படிக்கை போய், 1805-ஆம் ஆண்டு சனவரியில் புதிய உடன்படிக்கை எழுந்தது. கும்பினிப் படையைப் பேணுவதற்குத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் 8 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்றாயிற்று. நாட்டின் உள்ஆட்சியிலும் கும்பினி அறிவுரை கூறித் தலையிடலாம் என்றாயிற்று. உடன்படிக்கை இரு தரப்பாரும் உடன்பட்டு எழுதுவது என்பது பெயரளவில்தான். ஒரு தரப்பார் கையில் பீரங்கி இருக்கும்போது மற்றவர் கையெழுத்திடுவது உடன்பாடு ஆகுமா என்பது அன்றும் இன்றும் அறிஞரை மயக்கும் வினா.

கும்பினியோடு முறிவு

8 இலட்சம் ரூபாய் சிறு தொகையன்று. நாடு தவணை தவறிற்று, நிலுவை ஏறிற்று. தளவாய் காலம் நீட்டித்துத் தருமாறும் சுமையைக் குறைக்குமாறும் வேண்டினார். ரெசிடெண்டு இசையவில்லை. இதற்கிடையே, மாத்துத் தரகனிடமிருந்து அரசுக்கு வரவேண்டிய பாக்கிக்காக அவருடைய உடைமைகளைக் கைப்பற்றத் தளவாய் முனைந்தபோது, ரெசிடெண்டு தரகன் பக்கம் நின்று தடுத்தார். நாட்டின் குடி ஒருவர் நாட்டின் அரசுக்குத் தரவேண்டிய கடனைத் தண்டுவதற்கும் அயலாரின் இசைவு வேண்டும் என்ற நிலை வந்தபின், தளவாய்க்கு மனம் முறிந்தது. 1804-இல் தாம் அழைத்து வந்த துணையே இன்று தலைக்குமேல் அமர்ந்திருப்பதை அவர் உணர்ந்தார்.

அக்காலத்துத் தமிழகத்தையும் நினைவிற் கொள்ளுதல் நலம். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் மருதிருவர் போரிட்டு மாண்டனர். 1805-இல் மலபாரில் பழசிராஜா வீழ்ந்தார். 1806-இல் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்து மடிந்தனர். இப்பத்தாண்டுகளில் தென்னாடு முழுவதும் ஒரே கேள்வி எழுந்து எழுந்து அடங்கிற்று. அதன் கடைசி அலைகளுள் ஒன்று வேலுத்தம்பி.

கொச்சியின் முதலமைச்சராகிய பாலியத்தச்சன் அவரோடு கைகோத்தார். பதவி துறந்து வடக்கே மலபாருக்குச் சென்றுவிடத் தாம் இணங்குவதுபோல் தளவாய் காட்டிக்கொண்டார். 1808-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இரவு கொச்சியில் ரெசிடெண்டின் மாளிகை தாக்கப்பட்டது. மெக்காலே ஒளிந்திருந்து, பின்னர்க் கப்பலேறித் தப்பினார்.

1809-ஆம் ஆண்டு சனவரி 11-ஆம் நாள், கொல்லத்தை அடுத்த குண்டறையிலிருந்து தளவாய் நாட்டு மக்களுக்கு விடுத்த அறிக்கை புகழ்பெற்றது. கும்பினி வாக்குத் தவறியதையும், அதனை நம்பினால் நாடும் வாணிகமும் வழிபாடும் அயலார் கைப்படும் என்பதையும் அது விரித்துரைத்தது. மக்களுக்குக் காரணம் கூறிப் போருக்கு அழைத்தமை அக்காலத்தில் அரிய செயல். ஆனால், அவ்வறிக்கை காக்க விழைந்த ஒழுங்கில் சாதி வேற்றுமையும் அடங்கியிருந்தது. சாதி வரம்பு குலையும் என்பதும் அது காட்டிய அச்சங்களுள் ஒன்று. அன்று வயலில் அடிமைகளாக விற்கப்பட்டும் வாங்கப்பட்டும் கிடந்த மக்களுக்கு அவ்வறிக்கையில் இடமில்லை. நாட்டிற்கு நீதி கேட்டவர், நாட்டிற்குள் நீதி பெறாதோரைக் காணவில்லை. அவர் காலத்தில் மிகச் சிலரே கண்டனர் என்பதையும் சேர்த்துச் சொல்லுதல் கடமை.

போரும் அறமும்

போர் மூண்டவுடன் ஆலப்புழைப் பக்கம் துயர நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. கடல்வழியாகச் சென்றுகொண்டிருந்த கும்பினித் தரப்பு வெள்ளைச் சிப்பாய்கள் ஏறத்தாழ முப்பது பேர் கரையிறங்கிப் பிடிபட்டனர். அவர்கள் போர்க்களத்தில் கொல்லப்படவில்லை. பிடிபட்ட பின்னர் நீரில் ஆழ்த்திக் கொல்லப்பட்டனர். மருத்துவர் ஒருவரும் அந்நாட்களில் உயிரிழந்தார்.

போர் தொடங்குமுன் பசுக்களும் பெண்டிரும் பிணியுடையோரும் காப்பிடம் சேருமாறு அறிவிக்கும் அறத்தைப் புறநானூறு போற்றுகிறது. படைக்கலம் இழந்தவனைக் கொல்லாமை நம் மறவர் நெறி. போர்க்கைதிகளைக் காக்கும் நெறி 1949-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையால் உலகச் சட்டமாயிற்று. ஆனால், அச்சட்டத்தின் உள்ளீடு நமக்குப் புதியது அன்று. ஆகவே, ஆலப்புழைச் செயலைப் பெருமையோடு கூறுதல் நமக்குத் தகாது. கும்பினி செய்தவை இதனினும் கொடியவை என்பது உண்மை. அவ்வுண்மை இதனை நேராக்கிவிடாது.

1809 சனவரி 15-ஆம் நாள் கொல்லத்தில் நடந்த பெரும்போரில் திருவிதாங்கூர்ப் படை தோற்றது. அதே சமயம் தெற்கே, கர்னல் செயின்ட் லெஜரின் படை பாளையங்கோட்டைப் பக்கமிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாயை அடைந்தது. பிப்ரவரி 10-ஆம் நாள், மேஜர் வெல்ஷின் வீரர்கள் இருளில் மலைச்சரிவில் ஏறி அரணைக் கைப்பற்றினர். மருதுபாண்டியரின் நட்பைப் பெற்றுப் பின்னர் அவரையே எதிர்த்துப் போரிட நேர்ந்த அதே வெல்ஷ்தான் இவர். கணவாய் வீழ்ந்தபின் உதயகிரியும் பத்மநாபபுரமும் எளிதில் வீழ்ந்தன. பாலியத்தச்சன் முன்னரே போரிலிருந்து விலகிவிட்டார். அவரும் பின்னர் நாடு கடத்தப்பட்டுக் காசியில் இறந்தார்.

மண்ணடியில் முடிவு

தோல்வி உறுதியானதும் தளவாய் திருவனந்தபுரம் வந்து மன்னரைக் கண்டார். போரின் பழி முழுவதையும் தம்மீது சுமத்திவிட்டுக் கும்பினியோடு அமைதி செய்துகொள்ளுமாறு கூறினார். முடியும் நாடும் பிழைக்க, ஒருவர் பழியேற்க வேண்டும் என்று அவர் கருதினார். பிறரைத் தண்டிப்பதில் கடுமை காட்டியவர், தமக்குரிய தண்டனையையும் தாமே எழுதிக்கொண்டார். அவருடைய வாழ்வில் மறுப்பின்றித் தலைவணங்கத்தக்க கணம் இது.

தலைநகரை விட்டு வடக்கே சென்ற அவர் வழியில் கிளிமானூர் அரண்மனையில் தம் வாளை ஒப்படைத்தார். அவருக்குப்பின் உம்மிணித் தம்பி திவானானார். தளவாயைப் பிடித்துத் தருவோருக்கு 50,000 ரூபாய் பரிசு என்று அறிவிக்கப்பட்டது. ஒரு காலத்தில் அவர் பெயரைக் கேட்டு நடுங்கிய ஊர்களின் வழியாக அவரே ஒளிந்து சென்றார். மண்ணடியில் பகவதி கோயிலை அடைந்தபோது தேடிவந்தோர் சூழ்ந்தனர். பகைவர் கையில் உயிரோடு அகப்பட விரும்பாத அவர், தம்மைக் கொல்லுமாறு உடனிருந்த தம்பி பத்மநாபன் தம்பியைக் கேட்டுக்கொண்டார். ஆரல்வாய்மொழி வீழ்ந்து இரண்டு திங்கள் நிறையுமுன் அவர் வாழ்வு அங்கே முடிந்தது. அகவை 44 நிறையவில்லை.

கும்பினியார் உயிரற்ற உடலையும் விட்டு வைக்கவில்லை. அதனைத் திருவனந்தபுரத்திற்குக் கொணர்ந்து கண்ணம்மூலையில் பலர் காணத் தொங்கவிட்டனர். பத்மநாபன் தம்பி கொல்லத்தில் தூக்கிலிடப்பட்டார். தலக்குளத்து இல்லம் இடிக்கப்பட்டது. உறவினர் பலர் நாடு கடத்தப்பட்டனர். இறந்தவன் உடலை இழிவுபடுத்தியதைக் கும்பினியின் தலைமை ஆளுநரான மின்டோ பிரபுவே கண்டித்தார். நாகரிகம் கற்பிக்க வந்தோம் என்று கூறியவர்கள், உறுப்புக் குறைத்த தளவாயினும் தாழ்ந்து நின்றனர். வென்றவன் செய்வதெல்லாம் நீதி ஆகாது என்பதற்கு வென்றவர் தலைவரே சான்றானார்.

பின் வந்தவை

மன்னர் பாலராமவர்மர் 1810-இல் மறைந்தார். கௌரி லட்சுமிபாய் அரசியானார். கும்பினியின் ரெசிடெண்டு கர்னல் மன்றோவே 1811-இல் திவானுமானார். அவ்வாண்டிலேயே பத்மநாபபுரம், திருவனந்தபுரம், மாவேலிக்கரை முதலிய இடங்களில் மாவட்ட நீதிமன்றங்கள் தோன்றின. வழக்கை ஆராய நடுவர், பின்பற்ற எழுதிவைத்த விதி, தீர்ப்பில் குறை காண்போருக்கு மேல்முறையீடு என்னும் மூன்றும் மெல்ல மெல்ல வேரூன்றின. நாட்டின் உரிமையைப் பறித்தவர் கையாலேயே இவை வந்தன என்பது கசப்பான உண்மை. எனினும், மரநிழல் மன்றத்தில் இல்லாதிருந்தவை எவையோ அவையே இவை. வேலுத்தம்பி இருந்தவரை நீதி குதிரைமீது வந்தது. அவர் இறந்ததும் உடன் இறந்தது. விதியும் மன்றமும் ஒரு மனிதரோடு இறப்பதில்லை.

சமுதாய நீதிக்கு இன்னும் நெடுவழி இருந்தது. 1812-இல் அடிமை வாணிகத்திற்குத் தடை வந்தது. 1855-இல் அடிமை முறையே ஒழிந்தது. சுசீந்திரத்தில் கொதிக்கும் நெய்யில் கையிட்டுக் குற்றமின்மையைக் காட்டும் கைமுக்கு வழக்கம் சுவாதித் திருநாள் காலத்தில் நின்றது. தளவாய் மறைந்த அதே 1809-ஆம் ஆண்டில் தென்திருவிதாங்கூரில் பிறந்தவர் வைகுண்டர். தாழ்த்தப்பட்டோரின் தலைநிமிர்வுக்காகக் குரல் கொடுத்த அவர், இத்திருவனந்தபுரத்திலேயே சிறைப்பட்டிருந்தார். தோட்சீலை உரிமை 1859-இல் கிட்டியது. பின்னர் அய்யன்காளி வந்தார். 1936 நவம்பர் 12-ஆம் நாள் ஆலயக் கதவுகள் அனைவர்க்கும் திறந்தன. தளவாய் காணாத மக்கள் தம் நீதியைத் தாமே போராடிப் பெற்றனர்.

கிளிமானூரில் ஒப்படைத்த வாள் 1957-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத்திடம் வழங்கப்பட்டு, டில்லி அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் இருந்தது. 2010-ஆம் ஆண்டு அது திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகத்திற்குத் திரும்பி வந்தது. அதே ஆண்டில் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தபால்தலையும் வெளியிட்டது.

நம் சங்கக் குடும்பங்கள் விடுமுறையில் நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் செல்வது வழக்கம். செல்லும் வழியில் இரணியல் பக்கம் திரும்பித் தலக்குளத்தையும், மேலும் சென்று ஆரல்வாய்மொழிக் கணவாயையும் குழந்தைகளுக்குக் காட்டுவது நல்லது. காட்டும்போது வீரக்கதையை மட்டும் கூறி நிறுத்திவிடலாகாது. வரி கேட்டபோது அஞ்சாமல் மக்களோடு நின்றதையும் கூறுக. அதே மக்கள் தம்மிடம் முறையிட்டபோது யானைகளை ஏவியதையும் கூறுக. கைதிகள் கொல்லப்பட்டதையும் கூறுக. நாட்டிற்காகப் பழி முழுவதையும் தாமே ஏற்றதையும் கூறுக. இவை அனைத்தையும் கேட்ட குழந்தை, அவர் நல்லவரா கெட்டவரா என்று கேட்கும். அதற்கு விரைந்து விடை கூற வேண்டுவதில்லை. வேறொருவர் வீட்டில் பிறந்து அடி வாங்கியவனாகத் தன்னை நினைத்துப் பார்த்தபின் விடை தேடுமாறு சொன்னால் போதும். தன் பக்கத்தார் செய்யும் குற்றத்தையும் எதிர்ப்பக்கத்தார் படும் துன்பத்தையும் காணப் பழகிய கண், எந்நாட்டில் குடியேறினாலும் முறை தவறாது. அக்கண்ணை நம் மக்களுக்கு அளிப்பதே தளவாயின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பயன்.